சாய்வுப் பாதைக்கு என்ன கலர்

திருவேற்காட்டில் ஏறிய ஷேர் ஆட்டோவில் என் எதிரே இரண்டு பேர். ஒருவருக்கு நடக்க முடியாது. அவருடைய சக்கர நாற்காலியை மடக்கி, கூட்டாளி பிடித்துக்கொண்டிருந்தார். நான் கேட்காதவள் மாதிரி ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

"கலர் கேக்கறாங்க மச்சான்," என்றார் நாற்காலிக்காரர்.

"இன்னா கலரு?"

"எங்க புதுப் பூங்காவுல நமக்குன்னு சாய்வுப் பாதை கட்டிகீறாங்கல்ல, அதுக்கு. நகராட்சில அங்கயே கூட்டம் போட்டு, கருத்து சொல்ல வாங்கன்னு கூப்ட்டாங்க. போனா, எல்லாம் கட்டி முடிச்சிட்டாங்க. பைக்கு பூரக்கூடாதுன்னு வாசல்ல இரும்புத் தூண் வேற நட்டுகீறாங்க. என் வண்டியும் பூரல."

"சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். அது வேற டிபார்ட்மெண்டாம். நீங்க கலர மட்டும் சொல்லுங்கன்றாங்க."

"அப்ப கூட்டத்துக்கு எப்டி உள்ள போன?"

"எங்க போனேன்? மைக்க வெளிய கொணாந்து குடுத்தாங்க. ரோட்லயே குந்திகினு பேசினேன். எம் பொண்ணு, பாப்பா வேற, பூங்காவுக்கு நீதான் கூட வரணும்னு தினம் கேட்டுகினு கீது."

கூட்டாளி தலையில் அடித்துக்கொண்டார். "கடைசில இன்னா கலர்தான் சொன்ன?"

"மஞ்சா. அதான் ரோட்லேர்ந்து நல்லா தெரியும். பாப்பா அதுல சறுக்கி விளையாடட்டும், நான் வெளிய இருந்து பாத்துகினு இருக்கேன்."