எல்லாம் ஏழுல

மொதல்ல அத கீழ வை தம்பி. வாய் இந்தப் பக்கம் திருப்பாத. குண்டு இருந்தா இன்னா, இல்லன்னா இன்னா, துப்பாக்கி வாய் ஆளு பக்கம் திரும்பவே கூடாது. அது தான் மொத பாடம். திண்டிவனத்துலருந்து பஸ் ஏறி ஏர் பிஸ்டல் வாங்க வந்துட்ட, இத கூடவா ஒனக்கு சொல்லிக் குடுக்கல? ஆங், பொட்டியிலயே வை. உக்காரு. டீ போட்டுருக்கேன், எடுத்துக்கோ.

அவரு இல்ல. வெளிய போயிருக்காரு. உன்ன வரச்சொன்னது அவரு தான், தெரியும். எழிலன், செஞ்சின்னு பேரு போட்டு, போட்டோ போட்டு, போன்ல விளம்பரம் குடுத்துருக்காரு. கட்டன பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்த சொல்லல. கூட வேல செய்யற பொண்ணு வந்து, இன்னாக்கா பிஸ்டல விக்கறீங்களாமேன்னு கேட்டப்போ தான் எனக்கே தெரியும். எனக்கு எப்பிடி இருந்துருக்கும் சொல்லு? ஊருக்கே தெரியுது, ஊட்ல இருக்கறவளுக்குத் தெரியல.

ரிப்பேரா? அதெல்லாம் ஒண்ணும் இல்ல. பிஸ்டலு நல்லா தான் இருக்குது. ஊட்ல இருக்கறவங்க மண்ட தான் ரிப்பேரு.

அவரோடது மட்டுமா இது? ரெண்டு பேருக்கும் இது ஒண்ணு தான். அதோ செவுத்துல கருப்பா பாக்கறியே, கறை இல்ல, என் ஸ்டிக்கர் பொட்டு. குண்டு போடாம அத குறி பாத்து தான் கை நிறுத்திப் பழகுவோம். ஒருத்தர் நிக்கறப்ப இன்னொருத்தர் பின்னாடி நின்னுனு, ஆடுது பாரு, ஆடுது பாருன்னு கலாட்டா பண்ணுவோம். இப்போ அந்தப் பொட்டப் பாத்தாலே எனக்கு பத்தினு வருது.

எல்லாம் மேல்மலையனூர் தேருல ஆரம்பிச்சது. அங்க பலூன் சுடற கடை போட்டுருந்தான். கரண்டு ஆபீஸ்ல வேல செய்யற மனுசன், கம்பம் ஏறன கை ஆடாதுன்னு பெருமையா துப்பாக்கிய எடுத்தாரு. ஒரு பலூன் ஒடையல. நான் வயிறு புண்ணாவ சிரிச்சேன். அந்த ரோஷத்துல தான் திருவண்ணாமல ரோட்டுல, நெல்லு குடோன் மாடியில குறி பாத்து சுட சொல்லிக் குடுக்கற ரேஞ்சுல போய் சேந்தாரு. கொஞ்ச நாள்ல என்னையும் இழுத்துனு போனாரு.

நான் லேப்ல ரத்தம் எடுக்கறவ தம்பி. நரம்பே தெரியாத கெழவிங்களுக்கும் ஒரே குத்துல எடுப்பேன். ஆனா அங்க போனா என் குண்டு அட்டையிலயே வுழல. அசிங்கமா போச்சி, இனிமே வரலன்னு சொல்லிட்டேன். அதுக்கு அடுத்த வாரம் இன்னா ஆச்சி தெரியுமா? நடு வட்டத்துலயே ஒம்போது, பத்துன்னு சுட்டுனு இருந்தவரு திடீர்னு ஓர வட்டத்துல அஞ்சு, ஆறுன்னு சுடறாரு. பாத்தியா, எனக்கும் தான் வரமாட்டேங்குதுன்னு மூஞ்சிய வேற அப்பாவியா வச்சிக்கறாரு. எனக்குத் தெரியாதா? நல்லாவே தெரிஞ்சுது. நாம கூட இருக்கணும்னு மனுசன் ஆசப்படறாருன்னு வாய மூடினு போனேன். இத ஞாபகம் வச்சிக்கோ, இதுக்கு அப்பறம் வரேன்.

எனக்கும் கை வந்துடுச்சி. அப்பறம் ஞாயித்துக்கெழம ஆனா போதும், ரேஞ்சு, அங்கருந்து பஸ் ஸ்டாண்டு ஓட்டல்ல டிபனு, சிரிப்பு தான். தோத்தவங்க அன்னிக்கி பாத்திரம் கழுவணும், அது தான் பந்தயம். அவரு தோத்தா தெருவுக்கே கேக்கற மாதிரி பாட்டு பாடினே கழுவுவாரு. நான் தோத்தா டம்ளர ணங்கு ணங்குன்னு வைப்பேன். போட்டி இல்லாம இருந்துச்சின்னு சொல்லல. கழுத்த நெறிக்கற போட்டி தான். ஆனா நல்லா இருந்துச்சி தம்பி. அவ்ளோ நல்லா இருந்துச்சி.

பொங்கலுக்கு ரேஞ்சுல மெடலு வச்சி போட்டி நடத்தனாங்க. நான் மொதல்ல வந்தேன், அவரு ரெண்டாவது. எல்லாருக்கும் முன்னாடி கை தட்டனதே அவரு தான். ஜிலேபி கூட வாங்கனாரு. ரேஞ்சு வாட்சப் குரூப்புல இருக்கற நாலு வேலையத்தவனுங்க சும்மா இருந்தானுங்களா? இன்னா எழிலன், ஊட்லயும் கலைமதி தான் ஃபர்ஸ்ட்டான்னு போட்டு, சிரிக்கற பொம்மையா அடுக்கி வுட்டானுங்க. மனுசனுக்கு மூஞ்சி தொங்கிப் போச்சி. தோத்தவன் மூஞ்சி தொங்காம பின்ன பூரிச்சா இருக்கும்? நாலு நாள்ல தானா சரியாயிருக்கும். நான் வுட்டுருக்கணும்.

வுட்டனா? அனந்தபுரத்துலருந்து எங்க நாத்தனா வந்தா, அன்புக்கரசின்னு. அண்ணன் மூஞ்சியப் பாத்துட்டு சமையக்கட்டுல வந்து என் காதக் கடிக்கறா. ஏன் அண்ணி, ஆம்பள ஜெயிச்சிட்டுப் போறாருன்னு வுட்டா ஒனக்கு இன்னா கொறஞ்சிடும்? நாலு குண்ட அப்பிடி இப்பிடி வுடேன்னு. அவ சொன்னா எனக்கு எங்க போச்சி புத்தி? கடன்காரி, அவள சொல்லி இன்னா, என்ன செருப்பால அடிக்கணும்.

அந்த ஞாயித்துக்கெழம வேணும்னே தள்ளி சுட்டேன். எல்லாம் ஏழுல. அவரு ஜெயிச்சாரு. ஆனா சிரிக்கல. என் அட்டைய எடுத்து வெளிச்சத்துல புடிச்சிப் பாத்தாரு. நீயும் சுடறவன் தான, சொல்லு. கை ஆடி தோத்தா குண்டு அங்கொண்ணு இங்கொண்ணா செதறும். என்னுது அஞ்சு குண்டும் ஏழாம் வட்டத்துல, ஒரே எடத்துல, ஒரே ஓட்டையா வுழுந்துருக்குது. தப்பா சுடறதக் கூட எனக்கு சரியா தான் சுட வருது, நான் இன்னா பண்ணட்டும்?

பிஸ்டல் மேல இருக்கற குறிமுள்ளு நவுந்துடுச்சி போலன்னு பொய் சொன்னேன். என் கையிலருந்து இத வாங்கனாரு. இதே பிஸ்டலு. ஒண்ணு வுட்டாரு. நடு பத்து.

எனக்கு பிச்ச போடறியான்னு கேட்டாரு. அவ்ளோ தான். ஊட்டுக்கு வந்து, ஜெயிச்ச மனுசன், பாத்திரம் பூரா அவரே கழுவி கவுத்துட்டுப் போய் படுத்துட்டாரு. பாட்டு இல்ல, ஒண்ணும் இல்ல. கன்னத்துல அறைஞ்சிருந்தா கூட தாங்கியிருப்பேன். அன்னியிலருந்து பேச்சு இல்ல. இப்போ விளம்பரம் வேற.

ஏய்யா, எனக்காக நீ அஞ்சும் ஆறுமா சுட்டியே, அது இன்னாய்யா? அதுக்கு நான் பிஸ்டல விக்கப் போனனா? மூஞ்சத் தூக்கி வச்சினு ஒக்காந்தனா? நீ குடுத்தா ஆச, நான் குடுத்தா பிச்சையா? சொல்லுய்யா!

ஐய, உன்ன இல்ல தம்பி, நீ டீயக் குடி. அந்தக் கதவுக்குப் பின்னாடி இருக்கற ஆள சொல்றேன். எங்கயும் போவல, உள்ள தான் இருக்கறாரு. வாசல்ல செருப்பு கெடக்குதே, நீ பாக்கல? இன்னாடா இந்தப் பொம்பள இவ்ளோ சத்தமா பேசுதேன்னு நெனச்சிருப்ப. ரூமு வரைக்கும் கேக்கணும் இல்ல? ரெண்டு வாரமா தொண்டையில நிக்குது. பால்காரர்கிட்ட சொல்ற மாதிரி சொல்லலாம்னா, அவருக்கு ஏழாம் வட்டம் எட்டாம் வட்டம் புரியாது. நல்ல வேள, சுடத் தெரிஞ்ச ஆளா நீ வந்து சேந்த.

பொட்டிய இப்பிடி தள்ளு. இது விக்கறதுக்கு இல்ல. கோச்சிக்காத, பஸ் காசு நான் குடுத்துடறேன்.

ஞாயித்துக்கெழம நான் ரேஞ்சுக்குப் போறேன். இனிமே ஒரு குண்டு கூட யாருக்கும் வுட்டுக் குடுக்க மாட்டேன், காதுல வுழுதா? ஜெயிக்கணும்னா வந்து ஜெயிச்சிக்கட்டும். தோத்தா பாட்டு பாடினே பாத்திரம் கழுவட்டும்.

கெளம்பறியா? ஒரு ஒதவி பண்ணு தம்பி. போறப்ப அந்தக் கதவ ரெண்டு தட்டு தட்டிட்டுப் போ. நான் தட்டனா நான் தோத்த மாதிரி ஆயிடும்.