முழுக்கத் திருகும்போது

நான் பயந்த சுபாவக்காரன், இன்ஸ்பெக்டர் மேடம். மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவேன். சாலையைக் கடக்க இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, மறுபடியும் முதல் பக்கத்தைப் பார்ப்பேன். மோட்டார் சைக்கிள் பட்டறையில் எனக்கு 'பிரேக்கு' என்று பெயர். முதலாளிக்கு மட்டும் என் பயம் பிடிக்கும். பயந்தவன்தானே முறுக்கிய நட்டை இன்னொரு முறை முறுக்கிப் பார்ப்பான்.

விழுந்த வண்டிகள் எங்களிடம்தான் வரும். ஆளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்விட்டு வண்டியை எங்கள் வாசலில் இறக்கிவிடுவார்கள். வளைந்த ஹேண்டில்பார், நசுங்கிய டேங்க். சில சமயம் சங்கிலிப் பக்கம் ஒற்றைச் செருப்பு சிக்கியிருக்கும். அதைச் செய்தித்தாளில் சுற்றி ஓரமாக வைப்பேன். கேட்டுக்கொண்டு யாரும் வந்ததில்லை.

என் மனைவிக்கு இந்தப் பயமெல்லாம் கிடையாது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. சுற்றுவட்டாரக் கிளினிக்குகளுக்கு மோட்டார் சைக்கிளில் போய், ரத்தக் குப்பிகளை ஐஸ் பெட்டியில் வாங்கிக்கொண்டு வர வேண்டும். போகும் இடத்திலெல்லாம் எனக்கு போன் செய்யச் சொல்லியிருந்தேன். பாதி நாள் மறந்துவிடுவாள். நான் கூப்பிட்டால் மணி அடித்துக்கொண்டே இருக்கும். ஓட்டும்போது எடுக்கக் கூடாது என்று சொன்னவனே நான்தான். இருந்தாலும் அந்த மணி ஓய்ந்து நிற்கும் நேரத்தில் மறுபடியும் கூப்பிடுவேன். கையிலிருக்கும் ஸ்பானர் ஈரமாகிவிடும். அப்புறம் தெருமுனையில் அவள் வண்டிச் சத்தம் கேட்கும். ஒவ்வொரு நாளும் இப்படித்தான்.

ஒரு நாள் சொல்லியே விட்டாள். "உங்களுக்குப் பொண்டாட்டி வேணாம்ங்க. கோழி வேணும். சாயந்தரமானா கூடையப் போட்டு மூடிடலாம்."

நானும் சிரித்தேன். அதை எப்படிச் செய்யலாம் என்று அப்போது யோசிக்கவில்லை.

அவள் வண்டியில் நான் மாட்டிய பெட்டியைப் பற்றிச் சொல்கிறேன். அவள் வண்டிக்குச் சத்தமான சைலன்சர் மாட்டிக்கொண்டாள். வீம்புக்கு இல்லை, ஆள் வருவது லாரிக்காரர்கள் காதில் விழ வேண்டும் என்றாள். நியாயம்தான். ஆனால் சைலன்சரை மாற்றியதும் எஞ்சினுக்குள் காற்று கூடிவிட்டது, அதற்கேற்ற பெட்ரோல் போகவில்லை. வண்டி விக்கியது. அதைச் சரிசெய்யத்தான் அந்தப் பெட்டி. உள்ளங்கை அளவுதான் இருக்கும், சீட்டுக்கடியில் உட்காரும். வண்டியின் கம்ப்யூட்டர் இவ்வளவு பெட்ரோல் விடு என்று சொல்லும். பெட்டி நடுவில் நின்று அந்தப் பேச்சைத் திருத்தி அனுப்பும். லேப்டாப்பைச் சொருகினால் கட்டம் கட்டமாக எண்கள் தெரியும். ஆக்ஸிலேட்டரை இவ்வளவு திருகி, எஞ்சின் இவ்வளவு வேகமாகச் சுற்றும்போது, பெட்ரோலை எவ்வளவு கூட்டுவது, எவ்வளவு குறைப்பது என்று கட்டத்துக்கு ஓர் எண்.

முதல் தடவை ஒழுங்காகத்தான் செய்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒயரைக்கூட எங்கும் உரசாதபடி டேப் சுற்றிக் கட்டினேன். ஒவ்வொரு கட்டமாக ஓட்டிப் பார்த்துத் திருத்தினேன். இவ்வளவு சுத்தமான வேலையை நான் யார் வண்டிக்கும் செய்ததில்லை.

மறுநாள் சாயந்தரம் அவள் ஹெல்மெட்டைக் கழற்றியபோது முகம் சிவந்திருந்தது. "பறக்குதுங்க. என்ன பண்ணீங்க அதுக்குள்ள? திருகினா போதும், அப்படியே பறக்குது."

பட்டறையில் வெல்டிங் வைப்பவன் பக்கத்தில் இருந்தான். "பிரேக்கு வீட்டுல ராக்கெட்டா? அக்கா, இனிமே அண்ணன உங்க பின்னாடி கட்டித் தூக்கிட்டுப் போயிடுங்க" என்றான். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

அன்றிரவு செய்தித்தாளில் சுற்றிய செருப்புகள்தான் கண்முன் நின்றன.

அதனால் கொஞ்சம் குறைத்தேன். முழுக்கத் திருகும் கட்டங்களில் மட்டும். பாதி வரை திருகினால் வண்டி முன்போலவே ஓடும். அதற்கு மேல் போனால் பெட்ரோல் போதாமல் தளரும். வேகமாகப் போகிறவர்கள்தானே முழுக்கத் திருகுவார்கள், அவர்களுக்கு அது ஒரு கடிவாளம் என்று நினைத்துக்கொண்டேன். இதில் தவறு எங்கே என்று இப்போதும் சிலர் கேட்கக்கூடும்.

அவள் கண்டுபிடித்துவிட்டாள். "ஏத்தத்துல இழுக்க மாட்டேங்குது. மூச்சு வாங்குது."

"பெட்ரோல் சரியில்ல. பங்க்க மாத்திப் பாரு."

மாற்றினாள். பிறகு, "நீங்க பார்த்த வண்டிதானே, உங்களுக்கே புரியலையா? வேணும்னா வேற யார்கிட்டயாவது காட்டட்டுமா?" என்றாள். கேலியாகத்தான் கேட்டாள்.

"புதுப் பெட்டி. பழக நாளாகும்" என்றேன். பெட்டி பழகாது, மேடம். போட்ட எண்ணைத்தான் அது செய்யும்.

அந்த வாரம்தான் மலைப்பாதை வந்தது. மலைக்கு அந்தப் பக்கம் புதிய கிளை திறக்கிறார்கள், அதற்கு அவளைப் பொறுப்பாக்கியிருக்கிறார்கள். வாரத்தில் பாதி நாள் அங்கேயே தங்க ஓர் அறையும் கொடுப்பார்கள். சாப்பிடும்போது அவள் சாதாரணமாகச் சொன்னாள்.

"அங்க தனியாவா?" என்றேன்.

"ஆமா. தனியா." அந்தச் சொல்லை வாயில் வைத்து ருசி பார்ப்பதுபோல் சொன்னாள். "நீங்க போன் பண்ணுங்க. ஆனா மணிக்கொரு தடவை வேணாம்ங்க. எனக்கு மூச்சு முட்டுது."

நான் சண்டை போடவில்லை. கையை ஓங்கியதும் இல்லை, அக்கம்பக்கத்தில் விசாரித்துப் பாருங்கள். மறுநாள் வண்டியைச் சர்வீஸ் செய்து தருகிறேன் என்று பட்டறைக்கு எடுத்துப்போய், அந்தக் கட்டங்களில் இன்னும் குறைத்தேன். இந்த முறை தளர்வதற்காக இல்லை, செத்து நிற்பதற்காக.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. எண்ணை மாற்றியவன்தான் வண்டியை முதலில் ஓட்ட வேண்டும். "உன் எண்ணு மேல முதல்ல நீ உட்காருடா. அப்புறம் அடுத்தவன உட்கார வை" என்பார் முதலாளி. ஓட்டாமல் சாவியைக் கொடுக்கும் ஆள் இல்லை நான். நேராக மலைக்கே போனேன்.

மூன்றாவது வளைவுக்கு மேல் ஒரு லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. தாண்டலாம் என்று வலதுபக்கம் எடுத்து முழுக்கத் திருகினேன். யாரோ பின்னாலிருந்து இழுத்துப் பிடித்ததுபோல் வண்டி நின்றுவிட்டது. ஆக்ஸிலேட்டர் கையில் வெறுமனே சுற்றியது. எதிரே ஒரு வேன். அதன் ஹாரன் இன்னும் என் காதில் இருக்கிறது. லாரிச் சக்கரத்துக்கும் என் முழங்காலுக்கும் நடுவில் ஒரு கை அகலம்தான் இருந்தது. எப்படிப் பின்வாங்கினேன் என்று தெரியவில்லை. ஓரத்துக் கல்லில் உட்கார்ந்தேன். பேன்ட் நனைந்திருந்ததைக்கூட வெகுநேரம் கழித்துத்தான் கவனித்தேன்.

அங்கேதான் எனக்கு ஒன்று விளங்கியது. வேகமாகப் போகிறவன் மட்டும் முழுக்கத் திருகுவதில்லை. ஆபத்திலிருந்து தப்பிக்க நினைப்பவனும் முழுக்கத்தான் திருகுவான்.

சாவியை அவளிடம் கொடுக்கும்போது இது தெரியுமா என்று கேட்பீர்கள். ஆமாம், தெரிந்துதான் இருந்தது. பட்டறைக்குத் திரும்பி லேப்டாப்பைத் திறந்தேன். பழைய எண்கள் அதில் அப்படியே இருந்தன, ஏற்றுவதற்கு ஒரு நிமிடம் ஆகாது. வெகுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கை இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. இந்த நடுக்கம் ஒரே ஒரு தடவை அவளுக்கு வந்தால் போதும், முதல் வளைவிலேயே திரும்பி வந்துவிடுவாள் என்று தோன்றியது. நான் அவளுக்குக் கொடுக்க நினைத்தது ஒரு பயம். அவ்வளவுதான். லேப்டாப்பை மூடினேன். வண்டியைக் கழுவித் துடைத்தேன்.

காலையில் சாவியைக் கொடுத்தபோது கேட்டாள். "இப்ப இழுக்குமா?"

"நானே மலை வரைக்கும் ஓட்டிப் பார்த்துட்டேன்" என்றேன். பொய் இல்லையே.

உங்கள் நிபுணர் பெட்டியைச் சரியாகத்தான் படித்திருக்கிறார். அந்த எண்கள் தானாக வரவில்லை, நான் போட்டவை. அவளும் ஒரு லாரியைத்தான் தாண்டியிருக்கிறாள். எதிரே வந்தது வேன் இல்லை, பஸ். டிரைவர் நல்ல மனிதர், ஒடித்துத் திருப்பியிருக்கிறார். உயிர் இருக்கிறது. முதுகெலும்புதான். இனி நடக்க மாட்டாள் என்கிறார்கள்.

நான் இப்போது நன்றாகத் தூங்குகிறேன். அவள் எங்கே இருக்கிறாள் என்று எந்த நேரத்தில் கேட்டாலும் என்னால் சொல்ல முடியும். ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம் தொடங்கப் போகிறது. அதற்குள் இதை முடித்துவிட்டால் உதவியாக இருக்கும், ஒரு நாள்கூட நான் தவறியதில்லை.

தொண்டையில் குழாய் இருப்பதால் பேச முடியாது. வலது கை விரல்கள் மட்டும் அசைகின்றன. நர்ஸைக் கூப்பிடும் பொத்தானை அந்தக் கையில் வைத்திருக்கிறார்கள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததும் அதை அழுத்துகிறாள். நர்ஸ் வந்து பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று போகிறார். திரும்பவும் அழுத்துகிறாள், கட்டைவிரல் வெளுக்கும் அளவுக்கு. கண்கள் என்னை விட்டு நகர்வதில்லை. பாவம், பயந்து போயிருக்கிறாள்.

நேற்று அந்தப் பொத்தானை அவள் விரல்களிலிருந்து மெதுவாகப் பிரித்து, கட்டிலுக்குப் பின்னால் எட்டாத இடத்தில் மாட்டிவிட்டேன். நான் பக்கத்திலேயே இருக்கும்போது அது அவளுக்கு எதற்கு, மேடம்?