மூணு ஏஸை நம்பாத மனுஷன்

"ஹலோ... ஹலோ, ஏன்னா... யாரு? காந்தாவா? அவர் ஃபோனை நீ ஏன் எடுத்தே?... ஓ. கார்டு கலைக்கறாரா. கை ஒழியலையா. ஆத்துல ஒரு டம்ளரைக் கழுவச் சொன்னா அந்தக் கைக்கு வாதமே வந்துடும்... சிரிக்காதே காந்தா. குடு அவர்கிட்ட."

ட்ரெஷரியில் அதட்டியே ஓய்வுபெற்ற பாமா, இந்திராநகர் வீட்டுச் சோபாவில் காலை நீட்டி, வறுத்த கடலையும் கையுமாக இருந்தாள். காக்ஸ் டவுனில் சிநேகிதி காந்தா வீட்டு ஞாயிற்றுக்கிழமைச் சீட்டாட்டத்திலிருந்து பாதியில் எழுந்து, ஆட்டோ பிடித்து வந்திருந்தாள். கணவர் சுந்தரேசன் மட்டும் இன்னும் ஒரு ரவுண்டு என்று அங்கேயே தங்கிவிட்டார்.

"ஆங், வந்தேளா... ஹௌது, ஆமாம், ஆத்துக்கு வந்தாச்சு... தலைவலியெல்லாம் இல்லை... சொல்லிண்டுதானே வந்தேன்? 'நான் போறேன்'னு கத்தினதுல கப்பன் பார்க் கிளியெல்லாம் பறந்து போயிருக்கும். கூட ஆடிண்டிருந்த ஆம்ப்ரோஸுக்குக் கேட்டுது, பக்கத்தாத்து நாய்க்குக் கேட்டுது. உங்களுக்குத்தான் கேக்கலை...

ஹௌது, ஹௌது, சீட்டுக்குத்தான் கோபம்... சின்ன விஷயமா? நன்னா யோசிச்சுப் பாருங்கோ. கையில நாலு கார்டு, அதுல ரெண்டு ஏஸ். எல்லாருக்கும் பொதுவா மேஜையில மூணு விரிச்சா ஏஸ், ஒன்பது, எட்டு. மூணு ஏஸ் ஆயிடுத்து எனக்கு! அந்த நிமிஷம் கர்நாடகாவுலயே என்னை மிஞ்ச ஆள் கிடையாது... தெரியும், தெரியும், இந்த ஒமாஹா போக்கர்ல அது நிக்காதுன்னு எனக்கும் தெரியும். ரம்மியில லைஃப் சேந்துடுத்துன்னா எமனே வந்தாலும் பிடுங்க முடியாது. இங்க அடுத்த கார்டு விழுந்தா மகாராணி பாத்திரம் தேய்க்கப் போயிடுவா. அதனாலதானே நடுவுல எவ்வளவு காயின் குவிஞ்சிருந்துதோ, அவ்வளவையும் வச்சேன்? அதுக்கு மேல வைக்க ரூல் இல்லை, இருந்தா வளையலையும் கழட்டி வச்சிருப்பேன். எல்லாரும் பயந்து ஓடணும்னுதானே?...

ஆம்ப்ரோஸ் ஓடினார். காந்தா ஓடினா. நீங்க?... ராணியும் ஜாக்கியும் வச்சுண்டு, ஒரே ஒரு பத்துக்காக என் பின்னாடியே வந்தேள்!... வந்துதுன்னா? வந்துது, கடைசிக் கார்டுல வந்து தொலைச்சுது! எட்டு, ஒன்பது, பத்து, ஜாக்கி, ராணின்னு கல்யாண ஊர்வலம் மாதிரி அடுக்கி, என் மூணு ஏஸையும் அடிச்சேள்... தோத்ததுக்குக் கோபம் இல்லைன்னா. இல்லைன்னு சொல்றேனே, சும்னிரி, பேசாம இருங்கோ!"

கடலைத் தட்டை நகர்த்தி வைத்தாள். வலிக்கிற இடம் இனிமேல்தான் வருகிறது.

"அடுத்த ஆட்டத்துல காந்தா அதே மாதிரி வச்சாளே, நீங்க என்ன பண்ணினேள்?... நான் சொல்றேன். 'மேடம் வச்சா விஷயம் இருக்கும்'னு, அம்மன் பாதத்துல பூ வைக்கற மாதிரி கார்டைக் கவுத்து ஒதுங்கினேள்! நான் வச்சா 'சும்மா மிரட்டறா'. அவ வச்சா வேதவாக்கா?... இத்தனை வருஷத்துல எனக்காக ஒரு தடவை கவுத்திருக்கேளா? மழை வரும், குடை எடுங்கோன்னா நம்பறதில்லை. தொப்பலா நனைஞ்சு வந்து, 'காந்தாகூட மழை வரும்னாளே'ங்கறது!... என்னது? பொறாமையா? எனக்கா?...

ஆமாம். பொறாமைதான். பெங்களூர் பூராவும் விநியோகம் பண்ணினாலும் மிச்சம் இருக்கும்...

சரி, ஒண்ணு சொல்றேன், கேளுங்கோ. நான் மைசூருக்குப் போறேன். ஸ்வர்ணா ஆத்துக்கு. கூடப்பிறந்த தங்கை, வச்சுக்க மாட்டாளா?... இப்பவே... திரும்பி வரதைப் பத்தி இன்னும் யோசிக்கலை... மிரட்டறேனா? பாத்தேளா! பாத்தேளா!... பெட்டி கட்டியாச்சு. நீலப் பட்டு, மாம்பழக் கலர், உங்கம்மா குடுத்த வெள்ளிக் கூஜாகூட உள்ள போயாச்சு."

பெட்டி பரண்மேல் தூசி கலையாமல் இருந்தது. பாமா சுற்றுமுற்றும் பார்த்தாள். சோபா மெத்தை உறையின் ஜிப் கண்ணில் பட்டது. ஃபோனை அதன் பக்கத்தில் கொண்டுபோய், ஒரே இழுப்பு இழுத்தாள்.

"கேட்டுதா?... ஆமாம், பெரிய பெட்டிதான். பஸ் ஸ்டாண்டுக்குக் கேப் வந்துண்டிருக்கு... சாப்பாடா? நேத்து ரசம் ஃப்ரிட்ஜுல இருக்கு. இல்லேன்னா மேடத்தைக் கேளுங்கோ..."

பாமா ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். இப்போது அவர் சிரித்துவிட்டால், ரோஷத்துக்காவது மைசூர் போய்த்தான் ஆக வேண்டும். அவள் முழங்காலுக்கு மைசூர் பஸ் ஆகாது. அதைவிட, அந்தச் சிரிப்பு ஆகவே ஆகாது.

"...என்ன சொன்னேள்?... கேக்கலை. காந்தாவுக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்கோ... ம்... 'பாமா சொன்னா சொன்னதுதான், நான் கிளம்பறேன்'... இன்னொரு தரம்... ம்ம்... கையில என்ன இருக்கு இப்ப? ரெண்டு ராஜாவா! அதையுமா கவுத்துட்டேள்?"

பாமாவின் முகத்தில் அப்போது எரிந்த வெளிச்சத்தில் இந்திராநகர் முழுக்க விளக்கு ஏற்றியிருக்கலாம். குரலை மட்டும் கஷ்டப்பட்டு இறுக்கிக்கொண்டாள்.

"சரி சரி, பதறாதேங்கோ. கேப்பைத் திருப்பி அனுப்பிடறேன்... என்னது? நிஜமாவே பெட்டி கட்டினேனான்னா?... ஏன்னா, கார்டைக் கவுத்தவாளுக்கு, ஜெயிச்சவ தன் கார்டைக் காட்டணும்னு எந்த ஊர்லயும் ரூல் கிடையாது. வந்து சேருங்கோ. வச்சுட்டேன்!"