முதியோர் சீட்டு

வண்டி எங்கியும் ஓடிப்போயிடாதுங்க சார், மொதல்ல உக்காருங்க. சேரெல்லாம் கண் கேம்ப்புக்குன்னு பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்குது. அந்தச் சக்கர நாற்காலியிலயே உக்காருங்க. தப்பில்லீங்க, அதுவும் நாற்காலிதான். உருளாது, பிரேக் போட்டுட்டேன்.

வாசல் சரிவுல கேவுரு காயுதே, ராகிங்க, மிதிச்சுட்டீங்களா? பரவால்லீங்க. சக்கர நாற்காலி ஏறட்டும்னுதான் உங்க டிரஸ்ட்டு அதைக் கட்டிக் குடுத்துது. மாரண்டஹள்ளிப் பக்கம் இவ்வளவு வழவழன்னு ஒரு சிமெண்ட் தரை கெடைச்சா சனங்க சும்மா விடுவாங்களா? பிசியோதெரபி டாக்டர் வர்ற அன்னிக்கு மட்டும் கூட்டி அள்ளிடுவாங்க.

நானுங்களா? குப்புராஜு. நூலகத்துல இருந்து ரிட்டையர் ஆனவன். இந்த மையத்துல எனக்குப் பதவி, முதியோர்.

பிரியதர்ஷினி பொண்ணு வந்துரும். அதுதானே மையத்தைப் பாத்துக்குது, எங்க போயிடும்? டிரைவர் நம்பருங்களா? பச்சியப்பன்னு போட்டேனா, டிரைவர்னு போட்டேனான்னு தெரியல. கண்ணாடி வேற கொண்டாரல. தேடித் தர்றேன். டீ குடிங்க.

டிரஸ்ட்டு குடுத்த வண்டிய எடுத்துட்டுப் போகத்தான் வந்திருக்கீங்கன்னு தெரியுமுங்க. போன வாரமே சொல்லிட்டாங்க. காரணமும் தெரியும். வண்டி நோட்டுல எந்த டிரிப்பப் பாத்தாலும் ஒரு முதியோர், ஒரு மாற்றுத்திறனாளி, ஒரு அகதி. அதெப்படி எப்பவும் மூணு பேரு ஒண்ணாவே ஆஸ்பத்திரிக்குப் போவாங்க, இது பொய்னு உங்க ஆபீசுல முடிவு பண்ணிட்டாங்க. நான் ஆபீசரா இருந்தாலும் அப்படித்தான் நெனைப்பேன்.

ஆனா நெசமாலுமே மூணு பேரும் போனோமுங்க. பிரியதர்ஷினி டிரெயினிங்குக்கு வந்தப்ப, இது மூணு தரப்பாருக்கும் கூட்டுத் திட்டம்னு நீங்க சொல்லியிருக்கீங்க. அது சொன்னதைச் சொன்னபடி செய்யற பொண்ணு. மூணு பேரும் ஏறினாத்தான் வண்டி எடுக்கணும்னு புரிஞ்சுக்கிச்சு. எங்களுக்கும் சந்தேகம் வரலீங்க. மேலிடம்னா ஏதாவது இப்படித்தான் கேக்கும்.

அதனால மாதேஷுக்குச் செயற்கைக் கால் அளவு எடுக்கணும்னா, கூட நானும் போவேன், அகதி கேம்ப்புல இருந்து சிவமலரும் வரும். கேம்ப்புல ஒரு கொழந்தைக்கு ஜுரம்னா மாதேஷ் பஞ்சர் கடையச் சாத்திட்டு வருவான். ஒரு தடவை எல்லாரும் நல்லாத்தான் இருந்தோம், யாருக்காகக் கெளம்பினோம்னே வெளங்கல. தர்மபுரில போண்டா தின்னுட்டு வந்துட்டோம். அதை எழுதாதீங்க.

சிவமலருங்களா? இலங்கைப் பொண்ணு. முன்னெல்லாம் அகதிகள் முகாம்னு பலகை இருந்துது, இப்ப மறுவாழ்வு முகாம்னு மாத்திட்டாங்க. பலகைக்கு மறுவாழ்வு வந்துடுச்சு. முப்பது வருசத்துக்கு மேல இங்க இருக்குது சார். நான் முதியோர் ஆனதே அதுக்கப்பறந்தான்.

அப்படி ஒரு நாள் சும்மா சீட்டுக்காகப் போனப்பதான், தர்மபுரி ஆஸ்பத்திரி வாசல்ல வண்டி நிக்குது, எனக்கு எடது கை விழுந்து போச்சு. வாதம் வந்தாலும் இப்படி எடம் பாத்து வரணும். உசுரு தப்பிச்சுது. கைய மீட்டுக் குடுத்தது சிவமலரு. பிசியோதெரபி டாக்டர்கிட்ட கத்துக்கிட்டு, தெனமும் எங்க வூட்டுக்கே வரும். ஒரு மொறம் மொச்சைக்காய வெச்சுட்டு எடது கையாலயே உரிக்கச் சொல்லும். ஐயா, விரலை வடிவா மடக்குங்கோங்கும். வடிவுன்னா அழகும்மா, மொச்சை உரிக்கறதுல என்ன அழகும்பேன். எங்கட ஊரில வடிவா எண்டா நல்லா ஐயாங்கும். இப்படி வாதாடிக்கிட்டே மொறம் காலியாயிடும். இப்ப உங்களுக்கு டீ ஊத்தினது எந்தக் கைன்னு பாத்தீங்களா? பாக்கலியா? அதாங்க வேணும்.

மறுபடியும் வண்டியா? இருங்க சார், போன் அடிக்குது.

சொல்லு மாதேசு. உம். உள்ள சேத்துட்டாங்களா? ஊசி போட்டாங்களா? முழிச்சுதா? பேசுச்சா? என்னான்னு? சரி. சரிப்பா. உரிக்கறேன்னு சொல்லு. வை.

ஒண்ணுமில்லீங்க சார். கண்ணுல தூசி. காலைல இந்த மையத்துல எனக்குக் கைய மடக்கிவிட்டுக்கிட்டு இருக்கறப்பவே சிவமலருக்கு நெஞ்சடைச்சு வேர்த்துக் கொட்டிடுச்சு. பஸ் ஸ்டாண்டுல எறங்கிட்டேன்னு நீங்க போன் பண்ணினப்ப வண்டி இந்த வாசல்லதான் நின்னுது. சிவமலரப் படுக்க வெச்சாச்சு, மாதேஷ் ஏறிட்டான். எங்க வழக்கப்படி நானும் ஏறணும். பிரியதர்ஷினி கதவைப் புடிச்சுக்கிட்டு என் மூஞ்சியப் பாக்குது. நான்தாங்க வரலன்னேன், நீ ஏறிக்கம்மான்னு அனுப்பிட்டேன். பச்சியப்பன் பயந்த ஆளு. வண்டியத் திருப்புன்னு நீங்க ஒரு போன் போட்டா, பாதி வழிலயே திருப்பிடுவான். பாலக்கோட்டு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ற வரைக்கும் உங்களை யாராவது உக்கார வெச்சுப் பேசணும் இல்லீங்களா?

இப்ப எழுதிக்கங்க. இன்னைக்கு டிரிப்புல முதியோர் சீட்டு காலி. உங்க ஆபீசு நம்பறாப்பல ஒரு டிரிப்பு.

எந்திரிக்கறீங்களா? இருங்க இருங்க, பிரேக்க நான் எடுத்து விடறேன். அது எடது கைப் பக்கம் இருக்குது.