ஓர் அறையில் மட்டும் இடுக்கில்லை

தூபா: நல்லாக் குனிஞ்சு பாருங்க உஸ்தா! பலகை இடுக்குல என் பேங்க் கார்டே உள்ள போகுது!

ஷாபூர்: பாக்குறேன் தங்கச்சி, முதல்ல செருப்பைக் கழட்ட விடுங்க... இந்தாங்க, மிட்டாய்.

தூபா: மிட்டாயா? நீங்க போட்ட தரை பிளந்ததுக்கா?

ஷாபூர்: சும்மா... வெறுங்கையோட வர வேண்டாமேன்னு...

தூபா: ரெண்டு மாசம் முன்னாடி நாலு நாள் இங்க பலகை அடிச்சீங்களே, அப்ப ஒரு மிட்டாயும் வரலை. இன்னைக்கு ஷேவிங், செண்டு எல்லாம் பலமா இருக்கு! திட்டு வாங்க வர்றவருக்கு என்ன இவ்வளவு சோடிப்பு?

ஷாபூர்: அது... அப்புறம் சொல்றேன். யா அலி! என்ன இது, இப்படி வாயைப் பிளந்து கிடக்கு!

தூபா: அதைத்தானே போன்ல அரைமணி நேரம் கத்தினேன்! டப்பு டப்புனு வெடிக்குது. சூரியகாந்தி விதைத் தொலி பூரா உள்ள போய் மாட்டிக்கிச்சு. குண்டூசி வச்சு நோண்டிட்டிருக்கேன்!

ஷாபூர்: எனக்கே நெஞ்சை அடைக்குது. முப்பது வருஷத்துல இப்படி ஒரு தரை...

தூபா: உங்களுக்கு நெஞ்சு அடைக்குது. எனக்கு உயிரே போகுது. வியாழக்கிழமை நாஹீதைப் பொண்ணு பாக்க வர்றாங்க. பையனோட அம்மா மட்டும் போன வாரம் வந்துட்டுப் போனாங்க. இப்ப அப்பா, மாமன், சித்தப்பன்னு ஒரு படையே வருது. பெரிய இடம்!

ஷாபூர்: ...ம். நாஹீத் எங்க? சத்தத்தையே காணோம்?

தூபா: ஸ்கூலுக்குப் பாடம் எடுக்கப் போயிருக்கா. பேச்சை மாத்தாதீங்க. ஏன் பிளந்துச்சு?

ஷாபூர்: ரஷ்த்லேர்ந்து வந்த பலகை தங்கச்சி. கடலோர ஈரத்தைக் குடிச்சு ஊறின மரம். இங்க மலை மேல உதடே வெடிக்குது. பலகைக் கட்டைப் பிரிச்சுப் பத்து நாள் வீட்டுக்குள்ள போடுங்க, நம்ம ஊர்க் காத்துக்குப் பழகட்டும்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். மூணாம் நாளே அடிங்கன்னு நின்னது யாரு?

தூபா: நான் சொன்னா? வேலை தெரிஞ்சவர் நீங்களா நானா?

ஷாபூர்: ...அது என் தப்புதான். ஒத்துக்கறேன். ஆனா ஹீட்டர் மேல கெட்டிலை வச்சுக் கொதிக்க விடுங்க, ஆவி பரவட்டும்னும் சொன்னேன். எங்க கெட்டில்?

தூபா: இருக்கு.

ஷாபூர்: ஹீட்டர் மேல இல்லையே?

தூபா: எங்கேயோ இருக்கு! கெட்டிலைப் பாக்கவா வந்தீங்க?

ஷாபூர்: சரி, கோபப்படாதீங்க. வியாழக்கிழமைக்கு ரெண்டு கம்பளத்தை விரிச்சு மூடிடுவோம். குளிர் போனதும் நானே வந்து...

தூபா: கம்பளம் இல்லை.

ஷாபூர்: இல்லைன்னா?

தூபா: வித்துட்டேன். எல்லாத்தையும்.

ஷாபூர்: என்னது! கல்யாணச் சீருல வந்ததையுமா? கம்பளம் இல்லாத வீடு நம்ம ஊர்ல உண்டா? பள்ளிவாசல் வாசல்ல உக்காந்திருக்கிறவன் கூட ஒண்ணு வச்சிருக்கானே!

தூபா: இப்ப இதுதான் பேஷன்.

ஷாபூர்: பேஷன்னா டைல்ஸ் போட்டிருக்கலாமே. சுருங்காது, வெடிக்காது. நான் அப்பவே சொன்னேன்.

தூபா: டைல்ஸ் ஜில்லுனு இருக்கும். வெறுங்காலை வைக்க முடியாது...

ஷாபூர்: யாரு வெறுங்காலோட நடக்கறா? நீங்களும் பொண்ணும் வீட்டுக்குள்ளயும் செருப்புதானே?

தூபா: உஸ்தா, நீங்க தச்சரா போலீஸா?

ஷாபூர்: இருங்க... கொஞ்சம் இருங்க. அந்தக் கார்டைக் குடுங்க.

தூபா: எதுக்கு?

ஷாபூர்: இந்தப் பலகையைப் பாருங்க. இங்க கார்டு போகுது. அப்படியே இழுத்துட்டுப் போறேன்... இறுகுது... இன்னும் இறுகுது... பார்த்தீங்களா, நின்னுடுச்சு.

தூபா: அதனால?

ஷாபூர்: ஒரே பலகை தங்கச்சி! கூடத்துல ஆரம்பிச்சு, அந்த மூடின கதவுக்கு அடியில உள்ள போகுது. இந்தத் தலை பிளந்திருக்கு, அந்தத் தலை ஒட்டியிருக்கு. அந்த ரூம்ல ஈரம் இருக்கு. குழாய் ஏதோ ஒழுகுது. கதவைத் திறங்க!

தூபா: வேண்டாம். அது சாமான் ரூம்.

ஷாபூர்: அடியில தண்ணி தேங்கினா ஒரு பலகை மிஞ்சாது! ...என்னது, கதவடியில வெதுவெதுன்னு ஆவி வருது? தைல வாசனை வேற...

தூபா: உஸ்தா, எந்திரிங்க! கையெடுத்துக் கும்பிடறேன், எந்திரிங்க!

உள்ளேயிருந்து: தூபா... தண்ணி...

ஷாபூர்: யா அலி! உள்ள ஆளு இருக்கு! யாரு தங்கச்சி அது?

தூபா: மொராத். என் வீட்டுக்காரர்.

ஷாபூர்: குவைத்ல இருக்காருன்னீங்க! நான் வேலை பார்த்த நாலு நாளும் இங்கயா...

தூபா: அவரோட தங்கச்சி வீட்ல விட்டிருந்தேன். ஒரு வாரத்துக்கு மேல வச்சுக்க மாட்டேன்னுட்டா. அதான் அவசரப்படுத்தினேன். இருபத்தி ரெண்டு வருஷம் கல் அறுத்த மனுஷன் உஸ்தா. நெஞ்சு பூரா கல்தூசி. கம்பளத் தூசி ஆகாது, ஜில்லுனு தரை ஆகாது, காஞ்ச காத்து ஆகவே ஆகாதுன்னுட்டார் டாக்டர். கெட்டில் உள்ளதான் கொதிக்குது. போதுமா?

ஷாபூர்: உயிரோட இருக்கிற மனுஷனை இப்படி ஒளிச்சு வைக்கலாமா? நீங்கல்லாம்...

தூபா: திட்டுங்க! போன வருஷம் ஒரு சம்பந்தம் வந்துச்சு. ஆக்ஸிஜன் சிலிண்டரைப் பார்த்துட்டு ஊத்தின டீயைக் கூடத் தொடாம போனாங்க. குடும்ப வியாதின்னு ஊரெல்லாம் சொல்லிட்டாங்க. இவரே அழுதுட்டுச் சொன்னாரு, நான் குவைத்துக்குப் போயிட்டேன்னு சொல்லிடுன்னு. வியாழக்கிழமை முடியற வரைக்கும் வாயைத் திறக்காதீங்க உஸ்தா. உங்க பிள்ளைங்க நல்லா இருக்கும்.

ஷாபூர்: பழகாத பலகையை அடிச்ச மாதிரிதான் தங்கச்சி இதுவும். இன்னைக்கு ஒட்டி நிக்கும். குளிர் வந்தா காட்டிக் குடுத்துடும். வர்றவங்க கிட்ட சொல்லிடுங்க.

தூபா: சொன்னா வருவாங்களா? பையனோட அப்பா மர வியாபாரி! இஸ்பஹான் ரோட்ல சொந்த டிப்போ! அவருக்கு இந்த வீடு ஒரு...

ஷாபூர்: டிப்போவா?

தூபா: ஆமா. ரெண்டு லாரி வேற நிக்குதாம்.

ஷாபூர்: லாரியுமா! அடிப்பாவி... மரவேலைன்னு மட்டும்தானே சொல்லச் சொன்னேன்!

தூபா: யார்கிட்ட? உஸ்தா, யார்கிட்ட சொல்லச் சொன்னீங்க?

மொராத்: தூபா... தண்ணி கொண்டா. அவர் வாங்கிட்டு வந்த மிட்டாயையும் கொண்டா.

தூபா: ஐயோ... உஸ்தா, நீங்களா? அந்தம்மா உங்க...

ஷாபூர்: என் பொண்டாட்டிதான். நாலு நாள் உங்க பொண்ணு கையால டீ குடிச்சேன், அஞ்சாம் நாளே நம்ம பையனுக்கு இவதான்னு வீட்ல சொல்லிட்டேன். முட்டி தேயத் தரை போடறவன் வீடுன்னா நீங்க கதவைத் திறக்க மாட்டீங்கன்னு அவதான் பயந்து டிப்போ வச்சுட்டா. நேர்ல வந்து நிஜத்தைச் சொல்லிடலாம்னுதான் வந்தேன், இந்த இடுக்கைப் பார்த்ததும் வாய் வரலை... அதெல்லாம் அப்புறம் அடிச்சுக்கலாம், முதல்ல கதவைத் திறங்க தங்கச்சி. சம்பந்தி தண்ணி கேட்டு எவ்வளவு நேரமாச்சு!