பூட்டிய கதவும் மூணு வருஷ ஆராய்ச்சியும்

துறையூரிலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரும் பஸ். முன் சீட்டில் வெங்காய குடோனில் தரம் பிரிக்கும் அக்கா ஒருத்தி. பக்கத்தில் ஆராய்ச்சி மாணவி. பின் சீட்டில் நான். வயலிலிருந்து கப்பல் ஏறும்வரை வெங்காயத்துக்காக உழைப்பவர்களை ஒழுங்காக நடத்துகிறார்களா என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி.

“பாப்பா, நீ வாராவாரம் வா. நீ வந்தாத்தான் எங்க கக்கூஸைத் திறக்குறாங்க.”

“என்னக்கா சொல்றீங்க? பெண்களுக்குக் கழிப்பறை உண்டுன்னு என் கேள்வித்தாள்ல உங்க குடோன் மேனேஜர் டிக் போட்டிருக்காரே!”

“உண்டுதான். வெங்காயம் வாங்குற வெளிநாட்டுக்காரன் கேட்டான்னு டைல்ஸ் ஒட்டிக் கட்டினாங்க. அழுக்காயிடும்னு பூட்டிட்டாங்க. நாங்க கருவேலங்காட்டுக்குத்தான் போறோம். நேத்து நீ வந்தப்ப எல்லாரும் வரிசையில நின்னு போனோம். சரசு அவசரமே இல்லாம ரெண்டு தடவை போயிட்டு வந்தா!”

இருவரும் சிரித்த சிரிப்பில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். எனக்கு அந்த மேனேஜரை அறையலாம் போலிருந்தது.

மாணவி போனை எடுத்து மேனேஜரைக் கூப்பிட்டாள். “சார், இன்னும் சில கேள்வி பாக்கி இருக்கு. என்னைக்கு வருவேன்னு சொல்ல முடியாது சார். திடீர்னுதான் வருவேன்.”

அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஆராய்ச்சி எத்தனை வருஷம் கண்ணு?”

“மூணு வருஷம்க்கா.”

“அவசரப்படாதே. மெதுவாவே படி.”