கேட்டை மூடும் நேரம்

காரின் பின்சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் காலிப்பரை மாற்றுவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. மாற்றிய பிறகு ஹேண்ட்பிரேக்கைச் சரிசெய்வதில்தான் பலர் சோம்பல்படுவார்கள். முதலில் பிரேக்கை நன்றாக மிதித்து மிதித்துப் புது காலிப்பரை இடத்தில் உட்காரவைக்க வேண்டும். பிறகு லீவருக்கு அடியில் கேபிளைப் பிடித்திருக்கும் நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். லீவரை நாலைந்து 'டக்' இழுப்பதற்குள் சக்கரம் இறுக வேண்டும், இறக்கினால் தாராளமாகச் சுற்ற வேண்டும். அந்த நட்டைக் கவனிக்காமல் விட்டால், லீவரை எவ்வளவு இழுத்தாலும் வண்டி நிற்பதுபோல் நின்று பிறகு நழுவிவிடும்.

அந்த நட்டை நான் மறந்துவிடவில்லை. விபத்து என்று எழுதியபோது உங்கள் ஸ்டேஷன் ஆட்கள் 'மெக்கானிக்கின் கவனக்குறைவு' என்றும் சேர்த்திருந்தார்கள். என்னை உறுத்தியது அதுதான்.

அப்பா போனபோது தம்பி அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டிருந்தான். அம்மா அதற்கும் முன்பே போய்விட்டாள். கீழே மெக்கானிக் ஷெட், மேலே வீடு. ஸ்பேனரை நான் எடுத்தேன். முதலில் சிரித்தவர்களே பிறகு, ஷெட்டக்கா கை வைத்தால் வண்டி வாயைத் திறக்காது என்றார்கள். என்னைப் பெண் கேட்டும் வந்தார்கள். தம்பி இருக்கிறான் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் உங்களை அப்படிச் செய்யச் சொன்னாரா என்று அவன் மனைவி ஒருநாள் கேட்டாள். சொன்னால்தான் செய்வதா?

அவனுக்கு வெளியூரில் படிக்க இடம் கிடைத்தபோது எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது. எழுந்திருக்கவே முடியவில்லை. அவன் போகவில்லை. சேர வேண்டிய தேதி தாண்டியதும் முதுகு தானாகவே சரியாகிவிட்டது.

அவன் கல்யாணத்தை நான் தடுக்கவில்லை. வந்தவளும் நல்ல பெண்தான். வாய்க்கு வாய் அண்ணி என்பாள். அவர்கள் அறைக்கும் என் அறைக்கும் நடுவே வெறும் பிளைவுட் தடுப்பு. நான் ஒட்டுக்கேட்கிறவள் இல்லை. என் கட்டில் அந்தத் தடுப்பை ஒட்டிக் கிடந்தது, அவ்வளவுதான். அவர்கள் கல்யாணத்துக்குப் பிறகு, காற்று வரட்டும் என்று அங்கே நகர்த்திப் போட்டிருந்தேன்.

"எனக்கு இங்க மூச்சு முட்டுது," என்று அவளிடம் சொன்னான். "அக்கா திட்டுறதில்ல, சண்டை போடுறதில்ல. ஆனா நான் குளிச்சிட்டு வரக் கொஞ்சம் லேட்டானாகூட கதவுக்கு வெளிய வந்து நிக்கிறா."

வழுக்கி விழுந்துவிடப் போகிறானே என்று நின்றேன். அதை அப்படிப் புரிந்துகொண்டான்.

சில நாள் கழித்து என்னிடமே வந்தான். லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறதாம். ஊர் தூரம். அடிக்கடி வந்து பார்த்துக்கொள்கிறோம் என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். பிறகு கார் சாவியை நீட்டினான்.

"பின்னாடி ஒரு பக்கம் உரசுதுக்கா. கிளம்புறதுக்குள்ள பார்த்துக் குடுத்துடேன்."

"வச்சிட்டுப் போ," என்றேன்.

ஒரு காலிப்பர் இறுகிப்போயிருந்தது. இரண்டையுமே மாற்றினேன். பிரேக் ஆயில் குழாயில் துளி காற்று இல்லாமல் எடுத்தேன். கால் பிரேக் கல் மாதிரி நின்றது. ஓடுகிற வண்டியில் அவனுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதல்லவா. நான் கொலைகாரி இல்லை.

எங்கள் கேட்டைத் தாண்டி உள்ளே வந்ததும் மேடு. தனியாக வந்தால் வண்டியை மேட்டில் ஏற்றி, எஞ்சினை நியூட்ரலில் ஓடவிட்டு, ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, இறங்கி வந்து கேட்டை மூடுவான். கியரில் போட்டு நிறுத்துடா என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். காதில் போட்டுக்கொள்ள மாட்டான். கேட்டின் தாழ்ப்பாள் துருப்பிடித்தது. வண்டிக்கு முதுகைக் காட்டி நின்று, இரண்டு கையாலும் அழுத்தினால்தான் விழும்.

வண்டியை ஒரு சுற்று ஓட்டிச் சூடாக்கிக்கொண்டு வந்து அந்த மேட்டில் நிறுத்திப் பார்த்தேன். உடனே உருண்டது. நட்டைச் சிறிது முறுக்கினேன். இப்போது அசையவே இல்லை. மறுபடி தளர்த்தினேன். சூடாக இருக்கும்போது பிடித்துக்கொண்டு, பிரேக் டிஸ்க் கொஞ்சம் ஆறிச் சுருங்கியதும் நழுவ வேண்டும். அந்த இடம் வரும்வரை பார்த்தேன். மூட்டை கட்டிக்கொண்டிருந்த அவன் மனைவி மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, எதற்கு அண்ணி திரும்பத் திரும்ப ஏற்றுகிறீர்கள் என்று கேட்டாள். ஹேண்ட்பிரேக்கைச் சரிபார்க்கிறேன் என்றேன். பொய் சொல்லவில்லை. அதைத்தான் அவள் உங்களிடம் வந்து சொல்லியிருக்கிறாள்.

மறுநாள் மத்தியானம் அட்டைப் பெட்டிகள் வாங்கப் போனான். திரும்பி வந்தபோது நான் மாடி ஜன்னலில் நின்றிருந்தேன். அவன் தாழ்ப்பாளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். வண்டி சத்தமில்லாமல் பின்னால் நகர்ந்தது. ஒரு குரல் கொடுத்திருக்கலாமே என்பீர்கள். கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பான், வயிற்றில் இடித்திருக்கும். முதுகில் இடித்ததால்தான் பிழைத்தான். டாக்டரும் அதையேதான் சொன்னார்.

இடுப்புக்குக் கீழே இனி உணர்வு வராது. ஆஸ்பத்திரியில் அவன் மனைவி அவன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று அழுதாள். அவன் நிதானமாக, "நீயாவது போயிடு," என்றான். பிறகு சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இரண்டு பேரில் யார் வேண்டும் என்று அவனேதான் முடிவு செய்தான்.

இப்போது நானே குளிப்பாட்டுகிறேன், நானே ஊட்டுகிறேன், புண் வராமல் திருப்பிப் படுக்கவைக்கிறேன். அவன் போனை எடுத்துவைத்திருப்பது தூக்கம் கெடக் கூடாது என்பதற்காக. அறைக் கதவுக்கு வெளியே பூட்டு எதற்கு என்று கேட்டீர்கள். நான் கீழே வேலையில் இருக்கும்போது யாராவது உள்ளே போய் அவன் மனதைக் கலைத்துவிடக் கூடாது.

ஆமாம், செய்தது நான்தான். தெரிந்துதான் செய்தேன். ஆனால் அவன் கஷ்டப்படுகிறான் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். சந்தேகம் இருந்தால் மேலே வாருங்கள், கதவைத் திறக்கிறேன், நான் பக்கத்திலேயே நிற்கிறேன், நீங்களே கேளுங்கள். அக்காகூட நிம்மதியா இருக்கேன் என்றுதான் சொல்வான். நேற்றுச் சாயங்காலம்கூடத் தப்பில்லாமல் சொல்லிக் காட்டினான்.